மயில்வாகனம் விட்டுவைத்த பொத்தான்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மயில்வாகனம் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார்கள். ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறார் என்பார்கள். லோன் வேண்டுமா என்று போனில் கேட்கிற ஆள்களில் அவரும் ஒருவர் என்று எதிர்வீட்டு அம்மாள் சத்தியம் செய்வாள். நாற்பத்தேழு வயது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. காலை ஒன்பதுக்கு முன்னறையில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறுக்குத்தான் எழுந்திருக்கிறார். நடுநடுவே காதில் எதையோ மாட்டிக்கொண்டு தானாகப் பேசிச் சிரிக்கிறார். தெரு வேறு என்னதான் நினைக்கும்?

பக்கத்து வீட்டு சிவராஜ் ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டார். சிவராஜ் பட்டு நெய்கிறவர், மயில்வாகனத்தைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தறி, இந்தப் பக்கம் மயில்வாகனத்தின் மேசை.

"வூட்லயே குந்திக்கினு அப்படி இன்னாதான்பா பண்ற?"

மயில்வாகனம் கொஞ்சம் யோசித்தார். "ஒரே பாவுல அறுவது பேரு நெய்யிறாங்கன்னு வச்சிக்கோண்ணா. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஊர்ல இருந்துக்கினு. ஒருத்தர் கோணலா ஒரு இழை உட்டாருன்னா அறுவது பேருக்கும் வேலை நின்னுடும். நிக்காம பாத்துக்கறது என் வேலை."

"நிக்கவே இல்லன்னா?"

"நிக்கவே இல்லன்னா நான் ஒருத்தன் இருக்கறதே தெரியாது."

"நல்ல வேலைப்பா," என்று சொல்லிவிட்டு சிவராஜ் உள்ளே போனார். அதில் கிண்டல் எவ்வளவு, பாராட்டு எவ்வளவு என்று மயில்வாகனத்துக்கு இன்றுவரை தெரியாது.

சிவராஜிடம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் ஒரு சென்னைக் கம்பெனியில் மயில்வாகனம் பதினோரு வருடமாக இருக்கிறார். அங்கே அறுபது பேர் நிரல் எழுதுகிறார்கள். அறுபது பேர் எழுதியதையும் சேர்த்து, ஓடக்கூடிய ஒரே பொருளாக இயந்திரம் கட்டித்தர வேண்டும். அதற்குப் பில்ட் என்று பெயர். தனியாகப் பார்த்தால் அவரவர் எழுதியது சரியாகவே இருக்கும், சேர்த்தால்தான் முட்டிக்கொள்ளும். குடும்பங்களில் நாம் பார்க்காததா? அப்படி முட்டிக்கொண்டால் பில்ட் உடைந்துவிட்டது என்பார்கள். திரையில் பச்சையாக இருந்த விளக்கு சிவப்பாகும். யார் உடைத்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை அறுபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, எல்லாரும் சென்னை அலுவலகத்தில் ஒரே மாடியில் உட்கார்ந்திருந்த காலத்தில், ஒரே வாரத்தில் நான்கு முறை பில்ட் உடைந்தது. வெள்ளிக்கிழமை மாலை பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் தங்கள் வேலையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெரிய ஆட்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். மயில்வாகனம் யாரிடமும் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து பையில் ஒரு நாடாவைப் போட்டுக்கொண்டு போனார். தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடுமே, இரண்டு முனையும் கூரான மரத்துண்டு, அதுதான். அதைத் தன் மேசையில் வைத்து ஒரு சட்டம் போட்டார். தன் மாற்றத்தைச் சேர்க்க விரும்புகிறவர் முதலில் வந்து நாடாவை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பில்ட் பச்சையானதும் திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இருப்பது ஒரே நாடா. ஆகவே ஒரு சமயத்தில் ஒருவர்தான் சேர்க்க முடியும்.

முதலில் சிரித்தார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய இயந்திரங்களுக்கு நடுவே ஒரு மரத்துண்டு என்ன செய்துவிடும் என்றார்கள். அந்த மாதம் பில்ட் ஒரு முறைகூட உடையவில்லை. பிறகு அதே ஆட்கள் நாடாவைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள், படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். உலக வழக்கம் அப்படித்தான்.

கொரோனா வந்தது. எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மயில்வாகனமும் அம்மா காமாட்சியம்மாளுக்குத் துணையாக இருக்கலாம் என்று பிள்ளையார்பாளையத்துக்கே வந்துவிட்டார். நாடாவும் கூடவே வந்தது. கையில் கொடுக்க முடியாதே என்று, குழுவில் செய்தியாகக் கேட்கிற வழக்கம் வந்தது. "நாடா வேணும் சார்" என்று ஒருவர் எழுதுவார், "எடுத்துக்கோ" என்று இவர் எழுதுவார். வேலை முடிந்ததும் "வச்சிட்டேன் சார்" என்று வரும். அம்மா மூன்று வருடத்துக்கு முன்பு போய்ச் சேர்ந்தாள். அதற்குள் கம்பெனியும் சென்னை மாடியைக் காலி செய்திருந்தது. இங்கே இருக்கக் காரணம் போய்விட்டது, அங்கே போகவும் காரணம் இல்லை. மயில்வாகனம் இருந்த இடத்திலேயே இருந்தார்.

நாடா கேட்க வருகிறவர்கள் நாடாவை மட்டும் கேட்டுவிட்டுப் போக மாட்டார்கள். மனிதர்கள் அப்படிச் செய்கிறவர்களா என்ன? சீக்கிரம் குடுங்க சார், பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்துடுவா என்பார் ஒருவர். அந்தப் பெண் இரண்டாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போனது வரை மயில்வாகனத்துக்குத் தெரியும். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது எல்லாம் தெரியும். ஒரு நாளைக்கு இருபது முப்பது பேர், அதில் பாதிப்பேர் எழுதுவதோடு விடாமல் போனிலும் கூப்பிடுவார்கள். அந்த முன்னறையில் அவர் காதில் விழுந்த மனிதக் குரல்கள் அவ்வளவும் நாடா கேட்டு வந்தவைதான்.

அதிலும் பிரவீனா எழுதவே மாட்டாள், போனில் கூப்பிட்டுவிடுவாள். ஐயம்பேட்டைப் பெண், இருபத்தாறு வயது. அப்பா காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இவள் வேளச்சேரியில் நாலு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். கம்பெனியில் சேர்ந்தபோது எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்ததால் மயில்வாகனம் அவளை நேரில் பார்த்ததே இல்லை. அவள் அப்பாவின் ஆட்டோவில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பாரோ, அதுவும் தெரியாது.

"சார், நாடா குடுங்க."

"இன்னொருத்தர்கிட்ட இருக்குதும்மா. பத்து நிமிசம் பொறு."

"சரி, அதுவரைக்கும் லைன்லயே இருக்கேன். உங்க ஊர்ல மழையா சார்?"

"உன் ஊரும் அதுதான்மா. எட்டு கிலோமீட்டர்ல இன்னா வித்தியாசம்."

அந்தப் பத்து நிமிடத்தில் அவள் அறைத்தோழியின் சண்டையைச் சொல்வாள், அப்பாவின் முழங்கால் வலியைச் சொல்வாள். மயில்வாகனம் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. நாடா கிடைத்ததும் வைத்துவிடுவாள். தினம் இரண்டு முறையாவது அவள் போன் வரும். வராத நாளில் காலண்டரில் அவளுக்கு விடுமுறையா என்று போய்ப் பார்ப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது போன வருடம் தீபாவளி கழிந்து மேலாளர் வேணுகோபால் கூப்பிட்டார்.

"மயில், ஒரு நாடா, அறுபது பேரு. சில நாள் ரெண்டு மணி நேரம் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. இதைத் தானா நடக்கிற மாதிரி பண்ணிடுங்களேன். உங்களைவிட யாருக்கும் இது தெரியாது."

அது உண்மைதான். எங்கே எது முட்டும் என்று ஒன்பது வருடம் உட்கார்ந்து பார்த்தவர் அவர். வருகிற மாற்றங்களை இயந்திரமே வரிசையில் நிறுத்த வேண்டும். முன்னால் நிற்பவற்றோடு சேர்த்து ஒவ்வொன்றையும் கட்டிப் பார்க்க வேண்டும். முட்டாததைச் சேர்த்து, முட்டுவதைத் திருப்பி அனுப்ப வேண்டும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சரி சார் என்றார் மயில்வாகனம். போனை வைத்த பிறகுதான் வேணுகோபால் கடைசியாகச் சொன்னது உறைத்தது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அவருக்கு வேலையைக் கெடுத்துச் செய்யத் தெரியாது. ஆறு வாரத்தில் செய்து முடித்தார், அதுவும் நன்றாகவே. சோதனைக்கு விட்டபோது ஒரு தப்பு மாற்றம்கூட உள்ளே நுழையவில்லை. முடித்துவிட்டு இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் வரிசையின் கடைசியில் ஒரு பொத்தான் வைத்தார். எல்லாப் பரிசோதனையும் தேறிய மாற்றம் அந்தப் பொத்தானுக்கு முன்னால் வந்து நிற்கும். மயில்வாகனம் அமுக்கினால் உள்ளே போகும்.

"இது எதுக்கு?" என்றார் வேணுகோபால்.

"ஒரு பாதுகாப்புக்கு. கடைசியா ஒரு ஆள் பாத்துட்டா நல்லது."

வேணுகோபால் தலையாட்டிவிட்டார். மயில்வாகனம் சொன்னால் அதற்கு மேல் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. பொத்தானால் ஒரு பயனும் இல்லை என்பது வைத்தவருக்குத் தெரியும். தேறிவந்த மாற்றத்தில் அவர் பார்க்க என்ன இருக்கிறது? இருந்தாலும் வைத்தார். அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. நாள் முழுக்க சுவருக்கு அப்பால் ஓடுகிற தறியை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் வேண்டுமானால் சொல்லட்டும்.

பொத்தான் நினைத்தபடியே வேலை செய்தது. "சார் அமுக்குங்க" என்று செய்திகள் வந்தன. கூடவே பெண்ணின் பரீட்சையும் நாய்க்குட்டியும் வந்தன. பிரவீனா வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"நாடாவா இருந்தா கையில புடிக்கலாம். இது இன்னா சார், காலிங் பெல் மாதிரி. உங்க வூட்டு வாசல்ல நின்னு அடிச்சிக்கினே இருக்கோம்."

மயில்வாகனத்துக்கு அன்று முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் தேர் வந்தது. தேர் ராஜவீதியில் இறங்குகிற நாளில் கரண்டை நிறுத்துவார்கள். அந்த லைனில் இருக்கிற பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலும் சேர்ந்தே போகும். காஞ்சிபுரத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். மயில்வாகனத்துக்கும் தெரியும். முதல் நாளே பிரவீனா கேட்டாள்.

"நாளைக்குத் தேராச்சே சார். அந்தப் பட்டனை எனக்கு ஒரு நாளைக்குத் திறந்து விடுங்களேன்."

"தேவையில்லம்மா. இன்வெர்ட்டர் இருக்குது, போன் இருக்குது. நான் பாத்துக்கறேன்."

திறந்துவிட ஒரு நிமிட வேலை. திறந்துவிட்டால், பொத்தானை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்று தெரிந்துவிடும். யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்று தெரிந்தால், யாரும் அமுக்கத் தேவையில்லை என்று தெரிய ரொம்ப நேரம் ஆகாது. அதனால்தான் தேவையில்லம்மா என்றார்.

தேரன்று காலை எட்டரைக்கே கரண்ட் போனது. பழைய இன்வெர்ட்டர் ஒன்பதே முக்காலுக்கு ஒரு முறை கூவிவிட்டு அடங்கியது. போனை எடுத்தால் ஊர் பூராவும் கூட்டம், ஆளுக்கொரு போன், தேரைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இவருடைய போனில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுத்து ஒன்றும் வரவில்லை. வாசலில் நின்றார், மாடிக்குப் போனார், தெருமுனைக்கு ஓடினார். பிறகு சிக்னல் தேடி, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் செவிலிமேடு பக்கம் நடக்க ஆரம்பித்தார். எதிரே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் தேர் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு வர, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இவர் மட்டும் மறுபக்கம் போனார்.

"சாமி அந்தாண்ட இருக்குதுபா," என்றார் ஒரு கிழவர்.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் போன் உயிர்பெற்றது. நாற்பத்து மூன்று செய்திகள். எல்லாம் தன் பெயருக்கு வந்தவை. படிப்பதற்கு முன்னால், அந்த எண்ணைப் பார்த்த ஒரு கணம் மயில்வாகனத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவர் பிறகு மறக்கப் பார்த்தார், முடியவில்லை.

அப்புறம் படித்தார். குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வயது தப்பாக அச்சாகிறது என்று காலையிலேயே நிலையங்களிலிருந்து புகார். பிரவீனா ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டாள். அது எல்லாச் சோதனையும் தேறிப் பொத்தானுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. சார் அமுக்குங்க. சார் எங்க இருக்கீங்க. சார் லேப்ல கத்துறாங்க. ஒன்பது தவறிய அழைப்புகள். கடைசியாக, சார் மன்னிச்சிடுங்க, பின்வாசல்ல போறேன் என்று எழுதியிருந்தாள்.

அவசரத்துக்கு என்று ஒரு பின்வாசல் இருந்தது. அதன் வழியாகப் போனால் வரிசையும் கிடையாது, சோதனையும் கிடையாது. பிரவீனா போனதைப் பார்த்து, காத்து அலுத்துப்போன இன்னொருவரும் அதே வழியில் போனார். இரண்டும் தனித்தனியே சரியானவைதான். ஒன்றாகச் சேர்ந்ததும் முட்டிக்கொண்டன. பில்ட் உடைந்தது. மாலை ஐந்து மணி வரை அறுபது பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பரிசோதனை நிலையங்களில் பேனாவால் வயதைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்குக் கூட்டம். திரையில் அறுபது சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் பெயரின் முதலெழுத்து. யாருடைய முகமும் இல்லை. வேணுகோபால் நேராக பிரவீனாவிடம் ஆரம்பித்தார். வரிசை எதற்கு வைத்திருக்கிறோம், ஒன்பது வருடமாக மயில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றியதை ஒரு நிமிடத்தில் கெடுத்தாயே, உனக்குப் பொறுமையே கிடையாதா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"தப்பு என்னோடதுதான் சார்," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. மயில்வாகனத்தின் பெயரை அவள் சொல்லவில்லை. அந்த ஒன்பது அழைப்புகளைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

மயில்வாகனம் கேட்டுக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் போதும். பழி அங்கே போய்விட்டது, பொத்தான் இங்கே இருக்கும், நாளைக்கும் செய்திகள் வரும். கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தார். நல்லவர் என்பதால் உடனே எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வேணுகோபால் அவளுடைய வருட மதிப்பீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகுதான் மயில்வாகனம் வாயைத் திறந்தார்.

"வேணு சார், அந்தப் பட்டன் தேவையே இல்ல. அது இல்லன்னா அந்தப் பொண்ணோட மாற்றம் காலையிலயே தானா உள்ள போயிருக்கும். வச்சது நான். அவமேல தப்பு இல்ல."

வேணுகோபாலின் வட்டம் ஒளிர்ந்தது.

"பாதுகாப்புக்குன்னு சொன்னீங்களே மயில்?"

"சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு வச்சீங்க?"

அறுபது வட்டங்கள் காத்திருந்தன. சொல்ல ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதைச் சொல்கிற ஆள் மயில்வாகனம் இல்லை.

"பழக்கதோஷம்," என்றார்.

அன்று மத்தியானமே பொத்தானை எடுத்தார். பின்வாசலையும் அடைத்தார். கூட ஒன்று செய்தார். அதுவரை ஒரு மாற்றம் தேறாவிட்டால் அறுபது பேருக்கும் செய்தி போகும், இன்னார் அனுப்பியது தேறவில்லை என்று. இனி அனுப்பியவருக்கு மட்டும் போகும்படி மாற்றினார். எல்லார் எதிரிலும் ஒரு பெண் குரல் உடைந்து பேசுவதை இன்னொரு முறை கேட்க அவரால் முடியாது.

அதன் பிறகு பில்ட் உடையவில்லை. ஏப்ரல், மே, ஜூன் என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வேணுகோபால் குழுவில் பாராட்டி எழுதினார். நாற்பது பேர் கைதட்டும் கைப்படம் போட்டார்கள். அடுத்த நாள் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? அவரவர் வேலையை அனுப்புகிறார்கள், அது தானாகப் போய்ச் சேருகிறது. பரீட்சை எழுதிய பெண் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்று தெரியவில்லை. பிரவீனா கூட்டத்துக்கு அடுத்த நாள் ஒரு முறை கூப்பிட்டு, தாங்க்ஸ் சார் என்றாள், சரிம்மா என்றார். அப்புறம் அவள் கூப்பிடக் காரணம் இல்லை. அவளுக்கு மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது. வேலை இருக்கிற பெண், கதவு திறந்தே கிடக்கிற வீட்டில் யார் மணி அடிப்பார்கள்?

மயில்வாகனம் ஒன்பதுக்கு உட்கார்ந்தார், ஆறுக்கு எழுந்தார். விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. காதில் மாட்டுகிறதை வழக்கம்போல மாட்டிக்கொள்வார், ஒன்றும் கேட்காது, கழற்றி வைப்பார். ஒரு வாரத்தில் தன் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை என்று ஒரு வியாழக்கிழமை கண்டுபிடித்தார். சிவராஜ் வாசலில் பார்த்து, "இன்னாபா மயிலு, இப்பல்லாம் சத்தமே காணம்? போன்ல யாரோடயும் சண்டையா?" என்றார். "வேலை நல்லா போய்க்கினு இருக்குதுண்ணா," என்றார் மயில்வாகனம். அதுவும் உண்மைதான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி நாலு இருக்கும். மயில்வாகனம் ஒரு சின்னக் கோப்பைத் திறந்தார். நடுவில் ஓர் அடைப்புக்குறியை அழித்தார். நிரல் எழுத வந்த முதல் வாரத்துப் பிள்ளைகள் செய்கிற தப்பு. பதினோரு வருடத்தில் ஒரு முறைகூட பில்டை உடைக்காத மனிதர் அதைத் தன் பெயரில் அனுப்பினார்.

என்ன நினைத்தார் என்றால், விளக்கு சிவப்பாகும். அறுபது பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். மயில் சாரா, மயில் சாரே உடைச்சிட்டாரா என்று குழுவில் ஒரே அமளியாகும். கிண்டல் செய்வார்கள். பிரவீனா கட்டாயம் கூப்பிடுவாள். ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. போனைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுவருக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு நிமிடம் ஆனது. வரிசை அவருடைய மாற்றத்தை எடுத்தது, கட்டிப் பார்த்தது, திருப்பி அனுப்பியது. விளக்கு பச்சையாகவே இருந்தது. எங்கேயும் ஒரு சலசலப்பு இல்லை. திரையின் மூலையில் ஒரு செய்தி மட்டும் வந்தது, அவருக்கு மட்டும். பயந்த பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஏப்ரலில் அவர் தன் கையால் எழுதிய வரிகள்: இந்த மாற்றம் சேரவில்லை. வேறு யாருக்கும் தெரியாது. நிதானமாகத் திருத்தி மறுபடி அனுப்பவும்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். அழுகை வந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்பத்தேழு வயதில், பட்டப்பகலில், உட்கார்ந்து அழுதார். அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறார் என்று அவர்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடைப்புக்குறியைத் திரும்பப் போட்டு, போனை எடுத்தார். பிரவீனாவின் பெயரைத் தேடி அமுக்கினார். இத்தனை வருடத்தில் அவளிடமிருந்துதான் அழைப்பு வந்திருக்கிறதே தவிர இவர் கூப்பிட்டதே இல்லை. மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"சார்? பில்ட் போயிடுச்சா சார்?"

"இல்லம்மா. பச்சையாத்தான் இருக்குது."

"நான் ஏதாவது தப்பா அனுப்பிட்டேனா?"

"நீ ஒண்ணும் பண்ணல."

"அப்போ இன்னா சார்?"

அந்தப் பக்கம் அவள் தட்டச்சு செய்கிற சத்தம் விடாமல் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் போனால் சரி சார் அப்புறம் பேசறேன் என்பாள். மயில்வாகனத்துக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சாப்டியாம்மா?"

மணி நாலரை. தட்டச்சுச் சத்தம் நின்றது.

"சாப்ட்டேன் சார்," என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. "நீங்க சாப்ட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஊரில் எல்லாருக்கும் ஒரே பதில்தான், ஆச்சு. யோசிக்காமல் வருகிற பதில். அவருக்கும் உதடுவரை வந்துவிட்டது. ஒரு மணிக்கு மெஸ்ஸிலிருந்து வாங்கிவந்த பொட்டலம் கட்டுப் பிரிக்காமல் மேசையோரத்தில் கிடந்தது.

"இல்லம்மா," என்றார் மயில்வாகனம். "சாப்பிடல."